ஓப்ரா டின்: மூணு மூணா சரிபார்க்கிறது பூட்டா, ஓட்டையா?

சோடாபுட்டி:
ஸ்பாய்லர் இருக்கு. இன்னும் முடிக்காதவங்க இப்பவே ஓடிடுங்க.

2018ல லூகாஸ் போப் பண்ணின 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' நல்ல கேம்தான், மறுக்கல. ஆனா துப்பறியும் கேம்ல இதுக்கு மேல ஒண்ணு இல்லைன்னு தூக்கி வைக்கிறதுதான் உறுத்துது. ஆடாதவங்களுக்காகச் சுருக்கமா: கப்பல்ல 60 பேர். அவங்க செத்த நொடிகள் உறைஞ்சு நிக்கிற காட்சிகளுக்குள்ள போய்ப் பார்த்து, ஒவ்வொருத்தரும் யாரு, என்ன ஆனாரு, யாராவது கொன்னிருந்தா அது யாருன்னு புத்தகத்துல நிரப்பணும். மூணு பேரோட கதி முழுசா சரியா வந்ததும் கேமே அதை அச்சாக்கிப் பூட்டிடும். அப்போ உறுதியா தெரிஞ்ச ரெண்டை உள்ள வச்சுக்கிட்டு மூணாவது ஆளுக்குப் பேரை மாத்தி மாத்திப் போட்டா வேலை முடிஞ்சுது. இது துப்பறியறதா, சைக்கிள் நம்பர் பூட்டைத் திருகறதா?

பாய்மரம்:
பூட்டுன்னே வச்சுக்குவோம், கணக்கு போடுங்க. மூணு பேர் முகம் இருக்கு, பொருந்தக்கூடிய பேர் நாலு. ஒவ்வொண்ணா சரிபார்த்தா அதிகபட்சம் 4+3+2, ஒன்பதே முயற்சி. மூணையும் சேர்த்து சரிபார்த்தா 4×3×2, அதாவது 24. ஆளுக்கு ரெண்டு விதமா செத்திருக்கலாம்னு சந்தேகம் வந்தா முதல் முறைக்கு 18, இந்த முறைக்கு 192. ஓட்டை போட்டா இப்படிப் போடணும்!

சோடாபுட்டி:
192 எல்லாம் மூணுமே தெரியாதவனுக்கு. நான் சொன்னது ரெண்டு தெரிஞ்சவனைப் பத்தி. அவனுக்கு 4 முயற்சி, சாவுலயும் சந்தேகம்னா 8. கையில இருக்கிற ரெண்டும் எப்படியும் பூட்டப்படப் போற ரெண்டுதான், அதனால நஷ்டமும் இல்ல. மூணுல ஒரு பங்கு ஆளுங்களை இப்படியே தள்ளிட்டுப் போயிடலாம்.

பாய்மரம்:
தள்ளலாம். எங்க மாட்டிக்குவீங்கன்னும் சொல்லணும்ல? பேர் சரி, கொன்னவன் சரி, சாவு மட்டும் தப்புன்னா அந்த ஆள் கணக்குலயே வரமாட்டான். நீங்க சரியான பேரைப் போட்டுட்டு, பூட்டலையேன்னு அடிச்சுடுவீங்க. மீதி மூணு பேரையும் போட்டுப் பார்த்தா ஒண்ணும் ஆகாது. உறுதின்னு நினைச்ச ரெண்டுல ஒண்ணு தப்பா இருந்தாலும் இதே கதிதான். அப்புறம் எது தப்புன்னே தெரியாம மூணையும் கலைக்கணும்.

எல்லாரும் இப்படி ஊகிச்சுத் தள்ளுற இடம் அந்த நாலு சீன டாப்மேன்கள் (பாய்மரக் கம்பத்து மேல ஏறி வேலை பார்க்கிற மாலுமிங்க). உடுப்பு ஒண்ணு, வேலை ஒண்ணு, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதும் இல்ல. மாலுமிங்க தூளியில படுத்திருக்கிற காட்சிக்குப் போங்க. ஒவ்வொரு தூளியிலயும் நம்பர் சீட்டு தொங்கும், அதுதான் ஆள் பட்டியல்ல இருக்கிற வரிசை எண். இப்போ முகத்தைப் பார்க்காதீங்க. தூளிக்கு வெளிய நீட்டிட்டிருக்கிற காலைப் பாருங்க, ஆளுக்கு ஆள் காலணி வேற. அப்புறம் புத்தகத்துல அந்த ஆள் மேல புக்மார்க் வச்சு, அவர் வர்ற காட்சிகளுக்கெல்லாம் போய்க் கால்ல ஜூம் பண்ணுங்க. ஊகமே தேவையில்ல.

குறுக்கெழுத்து:
காலணி சமாச்சாரம் அபாரம், சந்தேகமே இல்ல. ஆனா பாய்மரம், சாவு மட்டும் தப்பானாலும் கணக்குல வராதுன்னு நீங்க சொன்ன அதே சங்கதி ஒழுங்கா யோசிக்கிறவனையும் தண்டிக்குதே? ஒருத்தன் நசுங்கிச் செத்தானா, பிய்ச்சுக் கொல்லப்பட்டானான்னு படத்தைப் பார்த்தா சில இடத்துல தெரியாது. சில சாவுக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட பதிலை கேம் ஏத்துக்கும், ஆனா எதுக்குன்னு வெளிய சொல்லாது. 2022ல வந்த 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' இதைவிட நேர்மை. காட்சியில கிடைக்கிற சொற்களைப் பொறுக்கி வாக்கியத்துல இருக்கிற கட்டத்தை நிரப்பறீங்க. ரெண்டு அல்லது அதுக்கும் கம்மியா தப்பு இருந்தா அதை மட்டும் சொல்லும், எதுன்னு காட்டாது. கிட்ட வந்துட்டோம்னு தெரியுதுல்ல.

பாய்மரம்:
ஓட்டைன்னா அதுதான் ஓட்டை! நாலு முகத்துக்கு நாலு பேர், ஒவ்வொண்ணையும் ஒரு தடவை போட்டாச்சு, 'ரெண்டு தப்பு' வந்துச்சுன்னா ரெண்டு பேர் இடம் மாறியிருக்குன்னு அர்த்தம். மாத்திப் பார்க்க 6 ஜோடிதான். ஆறு முகம்னாலும் 15. சொற்களுக்கு வகைக்கு ஒரு நிறம் வேற, பேர் வர்ற இடத்துல வினைச்சொல்லைப் போட்டு ஏமாற வாய்ப்பே இல்ல.

குறுக்கெழுத்து:
முகத்துக்குப் பேர் போடற பலகைக்கு அது சரி, ஒத்துக்கறேன். ஆனா நடந்ததைச் சொல்ற பெரிய பத்தியில செல்லாது. அங்க கட்டத்தைவிடப் பொறுக்கின சொல் அதிகம், வேண்டாததும் கலந்திருக்கும், ஒரே பேர் ரெண்டு இடத்துல வரலாம். ஜோடி மாத்தற கணக்கெல்லாம் அங்க உடைஞ்சுடும்.

மொட்டைமாடி:
சரிபார்ப்பே இல்லாம விட்டா என்ன? 2015ல வந்த 'ஹெர் ஸ்டோரி'ல ஒரு சொல்லைத் தட்டினா அது பேசப்பட்ட வீடியோக்கள் வரும், எத்தனை இருந்தாலும் முதல் அஞ்சைத்தான் பார்க்க முடியும். மீதியைப் பார்க்கணும்னா இன்னும் குறிப்பான சொல்லை யோசிக்கணும். நீ கண்டுபிடிச்சது சரின்னு கேம் எங்கயும் முத்திரை குத்தாது. திருட்டுக்கே இடம் இல்ல.

சோடாபுட்டி:
பூட்டே இல்லாத வீட்ல திருட்டு ஏது :) தப்பா புரிஞ்சுக்கிட்டு சந்தோஷமா மூடி வச்சுட்டுப் போறவனை அது தடுக்கவே தடுக்காது.

பாய்மரம், சாவு தப்பானா சரியான பேரே அடிபட்டுப் போகும்னது எனக்குத் தோணல, அது நியாயம். ஆனா முகம் மங்கலா இருக்கிறதைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. போதுமான தடயம் கண்ணுல படற வரைக்கும் புத்தகத்துல ஆளோட படம் மங்கலாத்தான் இருக்கும், தெளிஞ்ச பிறகு எவ்வளவு கஷ்டம்னு ஒண்ணு முதல் மூணு முக்கோணம் வரை காட்டும். ஊகிக்கறதை நிறுத்தணும்னா மங்கல் படத்துல பேர் எழுதவே விட்டிருக்கக்கூடாது. ஏன் விட்டாங்க?

பாய்மரம்:
தடயம் இருக்கிற காட்சிக்குள்ள போய் வந்தாலே படம் தெளிஞ்சுடும், அதை நீங்க கவனிச்சீங்களான்னு கேமுக்குத் தெரியாது. தூளி அறையில முகத்தையே பார்த்துட்டு வெளிய வந்தவனுக்கும் தெளிஞ்சுதான் இருக்கும். மங்கலா இருக்கும்போது எழுத விடறது, முழுசா உறுதியாகாத சந்தேகத்தைப் பென்சில்ல குறிச்சு வைக்கிற மாதிரி. அதைத் தடுத்தா குறிப்பெடுக்க தனியா ஒரு நோட்டு வேணும்.

சோடாபுட்டி:
நோட்டு வச்சே ஆடலாம்னுதான் நானும் சொல்றேன். 'கொல்லப்பட்டவர் யாருன்னு தெரியும், எப்படின்னு தெரியாது'ங்கிறதை அந்தப் புத்தகத்துல அரைகுறையா விட்டா, அடுத்த தடவை திறக்கும்போது எது உறுதி, எது ஊகம்னு உங்களுக்கே மறந்திருக்கும்.