அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மெர்ச்சன்டைசர், திருப்பூர்

டிரம்பின் வரியைப் பற்றித் தொலைக்காட்சியில் பேச வேண்டியவர்கள் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். அடிபட்டவர்கள் இங்கே எழுதட்டும். நானே தொடங்குகிறேன்.

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. ஆடை வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் தைக்கும் பட்டறைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். 2025 ஆகஸ்ட் 6 அன்று, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இந்தியச் சரக்குக்கு இன்னொரு 25 சதவீதம் என்று உத்தரவு வந்தது. முதலில் அறிவித்த 25 மறுநாளிலிருந்து, இது ஆகஸ்ட் 27 முதல். விடிவதற்குள், பையருக்காக ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபிஸிலிருந்து மின்னஞ்சல்: கையில் இருக்கும் ஆர்டர்களை நிறுத்தி வையுங்கள். துணியோ சாயம் ஏறி, சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் மேசையில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கம்பெனி பெயர் அச்சடித்த லேபிள்கூட வந்துவிட்டது. இதை எங்கே நிறுத்துவது?

கணக்கு எளிதுதான். மூன்று டாலருக்கு நாம் கொடுக்கும் பருத்தி டி-ஷர்ட் என்று வையுங்கள். வழக்கமான சுங்க வரியே 16.5 சதவீதம். அதன்மேல் 50 சேர்ந்ததும், சட்டைக்கு ஏறத்தாழ இரண்டு டாலர் வரியாகவே போனது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20தான். அங்கிருந்து போகும் அதே சட்டைக்கு வரி ஒரு டாலர் பத்து சென்ட்டுக்குள் முடிந்துவிட்டது. இடையே 90 சென்ட். தைக்கிறவர்களுக்குக் கூலியே கொடுக்காமல் விட்டால்கூட அவ்வளவு தேறாது.

வீடியோ அழைப்பில் பையர் தரப்புப் பெண்மணி மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா?" எங்கள் முதலாளி திருப்பிக் கேட்டார்: "சீனா எங்களைவிட அதிகமாக அதே எண்ணெயை வாங்குகிறதே, அவர்களுக்கு ஏன் இந்தத் தண்டனை இல்லை?" அந்த அம்மாள் சற்று யோசித்துவிட்டு, "நான் துணி வாங்கும் பிரிவில் இருக்கிறேன்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த ஊரில் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயைத் தவிர வேறு எந்த எண்ணெயும் நாங்கள் மொத்தமாக வாங்கியதில்லை.

27-ஆம் தேதிக்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்குள் அமெரிக்கச் சுங்கத்தைத் தாண்டினால் இரண்டாவது 25 கிடையாது என்று ஒரு சலுகை வைத்தார்கள். தூத்துக்குடியில் ஏற்றி, வழியில் கப்பல் மாறி, அங்கே போய்ச்சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடைசி வாரத்தில் ஏற்றியவர்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

ஜாப் ஒர்க் யூனிட், வீரபாண்டி

அண்ணா, நீங்கள் முதலாளி கணக்கு சொன்னீர்கள். என்னுடையது தையல் மெஷின்கள் ஓடும் பவர் டேபிள் கணக்கு. எனக்கு வேலை தருவது உங்களைப் போன்ற கம்பெனிகள்தான். உங்கள் கட்டிங் நின்றால் என் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களும் அன்றைக்கே நிற்கும். ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு ஷிப்ட் ஆனது. பிறகு வாரத்தில் பாதி நாள். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒடிசாப் பையன்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். டிரம்ப் என்று நான் சொன்னால் அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? பூஜைக்கு ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ரஷ்யாவிலிருந்து எண்ணெய் மலிவாக வந்ததாம். எங்கள் பங்க்கில் பெட்ரோல் விலை நூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. லாபம் வேறு யாருக்கோ, அபராதம் மட்டும் எங்களுக்கு. அமெரிக்காவைத் திட்டும்போது டெல்லியையும் சேர்த்தே திட்டுங்கள். பருத்தி இறக்குமதி வரியை டிசம்பர் 31 வரை நீக்கினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆர்டரே இல்லாதவனுக்கு நூல் விலை குறைந்து என்ன?

எடிசன், நியூ ஜெர்சி

என்னுடையது சில்லறை விஷயம். நவராத்திரிக்குக் கொலு பொம்மை ஊரிலிருந்து வர வேண்டும். 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே இந்தியத் தபால் துறை அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குவதை நிறுத்திவிட்டது. தனியார் கூரியரில் அனுப்பச் சொன்னேன். தசாவதார செட்டுக்கு வரியும் அதை வசூலிக்கும் கட்டணமும் சேர்ந்து பொம்மை விலையைத் தொட்டுவிட்டன. வரியை வெளிநாடுகள் கட்டுகின்றன என்று டிரம்ப் மேடைதோறும் சொல்கிறார். கட்டியது நான். ரசீது இருக்கிறது.

நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்ற வாதத்தை நேரலையில் கேட்டேன். 1977-ஆம் ஆண்டின் நெருக்கடி நிலைச் சட்டத்தை வைத்து அதிபர் இப்படி வரி போடலாமா என்பதுதான் வழக்காக இருந்தது. அமெரிக்கர்கள்மீது வரி விதிப்பது எப்போதுமே நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் குறிப்பிட்டபோது, சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

சார்லட், வட கரோலினா

மேலே எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள். எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவரை எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு வடக்கே கன்னாபொலிஸ் என்று ஒரு சிற்றூர். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்யும் கேனன் ஆலையைச் சுற்றி வளர்ந்தது. கடைசியில் பில்லோடெக்ஸ் என்ற பெயரில் ஓடிய அந்த ஆலை 2003 ஜூலை 30 அன்று மூடப்பட்டது. அந்த வட்டாரத்தில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. ஆலை இருந்த இடத்தில் இப்போது ஆராய்ச்சி வளாகம் நிற்கிறது. நூலகத்தில் என்னோடு சனிக்கிழமைகளில் தன்னார்வப் பணி செய்யும் மூதாட்டி அங்கே துண்டுக்கு ஓரம் தைத்தவர். இப்போதும் புத்தக அட்டையைத் தடவிப் பார்க்கும்போது, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் துணி ஓரத்தைப் பிடிப்பதுபோலத்தான் பிடிப்பார்.

திருப்பூர் செய்தியை அவரிடம் சொன்னேன். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "எங்கள் ஆலை மூடியபோது உங்கள் ஊரில் யாராவது எங்களுக்காக வருத்தப்பட்டார்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். யாரும் பட்டிருக்க மாட்டார்கள் என்றேன். தலையாட்டினார்.

"வரி போட்டால் ஆலை திரும்பி வருமா?" என்று கேட்டேன். வராது என்றார். வந்தாலும் கிடங்கில் வேலை பார்க்கும் தன் பேரன் மெஷின்முன் உட்கார மாட்டான் என்றும் அவரே சொன்னார். பிறகு ஏன் ஆதரிக்கிறீர்கள்? "இருபது வருடமாக வாஷிங்டனில் எல்லோரும் இதுதான் உலக நியதி என்று எங்களிடம் சொன்னார்கள். ஒருவர் மட்டும்தான் அது அநியாயம் என்று சொன்னார்."

அந்த ஒருவர் சொன்னது சரி, செய்தது தவறு என்பது என் கட்சி. ஆலை போன ஊருக்கு மறுபயிற்சி, மருத்துவக் காப்பீடு, நல்ல கூலி வேண்டும். இங்கே குறைந்தபட்சக் கூலி 2009-இலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. அதைத் தொடாமல் வீரபாண்டிக்காரரின் ஓவர்லாக்கை நிறுத்துவதால் அந்தப் பாட்டிக்கு ஒரு சென்ட்கூட வரப்போவதில்லை. இதை அவரிடமும் சொன்னேன். "நீ படித்தவன், அப்படித்தான் பேசுவாய்" என்று முடித்துவிட்டார்.

மெர்ச்சன்டைசர், திருப்பூர்

சார்லட் நண்பருக்கு: அந்த அம்மாள் கேட்ட கேள்வி நியாயம்தான். 2003-இல் எங்கள் ஊரே புது ஆர்டர் மகிழ்ச்சியில் இருந்தது. ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்ற கோட்டா முறை 2005-இல் ஒழியப்போகிறது என்று பட்டறை பட்டறையாக மெஷின் இறக்கிக்கொண்டிருந்தோம். அந்த ஆர்டர் எந்த ஊரிலிருந்து கிளம்பி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் எங்கள்மீது விழுந்த இரண்டாவது 25-க்கும் அவர் ஆலைக்கும் சம்பந்தமே இல்லை, அது உக்ரைன் போர்க் கணக்கு. அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பிரிட்டனோடு 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதால் இப்போது எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பையர்கள் கேட்கும் விலை மட்டும் வந்துவிட்டது. எண்ணிக்கை சிறியது, குறை சொல்வது பெரியது. கழுத்து ரிப் அகலம் கூடுதலாக இருக்கிறது என்று சாம்பிள் இன்று மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. தைத்து அனுப்ப வேண்டும், மற்றவர்கள் எழுதுங்கள்.