டர்பனா, ஜோகனஸ்பர்கா: ஆர்ட்டிக்கிள்ஸ் எங்கே செய்வது?

சாட்ஸ்வொர்த் மகள்

வணக்கம். எனக்கு வயது 22. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் சிடிஏ (பட்டயக் கணக்காளர் ஆவதற்கான பட்டமேற்படிப்பு) படிக்கிறேன், நவம்பரில் இறுதித் தேர்வு. ஆர்ட்டிக்கிள்ஸ் என்னும் கணக்காளர் பயிற்சிக்கு இரண்டு இடங்களிலிருந்து ஒப்பந்தம் வந்திருக்கிறது. ஒன்று டர்பன் பக்கத்தில் உம்லாங்காவில் உள்ள நடுத்தரத் தணிக்கை நிறுவனம். மற்றொன்று ஜோகனஸ்பர்கின் சாண்ட்டனில், மிகப் பெரிய தணிக்கை நிறுவனத்தில் வங்கிகளைத் தணிக்கை செய்யும் பிரிவு. இரண்டுமே 36 மாதம். சாண்ட்டனில் சம்பளம் சற்றுக் கூடுதல். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றில் கையெழுத்திட வேண்டும்.

வீட்டில் அம்மாவும் ஆயாவும் மட்டுமே இருக்கிறார்கள். "உன் விருப்பம்" என்கிறார் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

லெனேசியா அக்கா

தங்கச்சி, சாண்ட்டனுக்கு வா. நான் டர்பன் மெரிபேங்கில் பிறந்தவள். ஆர்ட்டிக்கிள்ஸ் செய்வதற்காக இரவுப் பஸ்ஸில் ஒரே பெட்டியோடு இங்கே வந்தேன். அன்று எடுத்த முடிவுக்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

பங்குச் சந்தை சாண்ட்டனில் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் பேங்க், ஃபர்ஸ்ட்ராண்ட், அப்சா, நெட்பேங்க் ஆகிய நான்கு வங்கிகளின் தலைமையகமும் ஜோகனஸ்பர்கில்தான். பெரிய கணக்குகள் எழுதப்படும் இடத்தில் இருந்தால்தான் அவற்றைத் தணிக்கை செய்யக் கற்க முடியும். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 2018இல் ஐஎஃப்ஆர்எஸ் 9 என்னும் பன்னாட்டுக் கணக்கு விதி நடைமுறைக்கு வந்தபோது நான் ஒரு வங்கித் தணிக்கைக் குழுவில் இருந்தேன். அதற்கு முன், கடன் கெட்டுப்போன அறிகுறி தெரிந்த பிறகே வங்கி நட்டத்தைப் பதிந்தது. அந்த ஆண்டு முதல், கடன் கொடுத்த உடனேயே எதிர்பார்க்கும் நட்டத்தையும் கணக்கிட வேண்டியதாயிற்று. வேலையின்மை, வட்டி விகிதம், வீட்டு விலை எல்லாம் பேரேட்டுக்குள் நுழைந்தன. இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் இருந்த பிள்ளைகள் வங்கியின் புள்ளியியல் வல்லுநர்களுக்கு எதிரே உட்கார்ந்து, "இந்த அனுமானம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அந்த வாய்ப்பை வீட்டுச் சாப்பாட்டுக்காக விடாதே.

டோங்காட் கரும்பு

அக்கா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் வீட்டுச் சாப்பாடு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டது சரியில்லை. எனக்கு 51 வயது. டர்பனில் பயின்று, இங்கேயே தொழில் செய்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மகளே.

கரும்பை ஒரு முறை நட்டால் போதும். வெட்டிய பின் அதே வேரிலிருந்து மறுதாம்பு பல முறை வளரும். அப்படியானால் வேரின் மதிப்பு என்ன, மேலே நிற்கும் பயிரின் மதிப்பு என்ன? 2016 ஜனவரி முதல் வேர் ஐஏஎஸ் 16 என்னும் நிலைச் சொத்துக் கணக்கு விதியின் கீழ் வருகிறது, இயந்திரத்தைப் போல அதற்கும் தேய்மானம் உண்டு. நிற்கும் பயிர் மட்டும் வேளாண்மைக்கான ஐஏஎஸ் 41இன் கீழ் நியாய மதிப்பில் (விற்றால் கிடைக்கும் விலையில்) நிற்கிறது. பயிருக்கு எத்தனை மாதம் ஆயிற்று, எக்டேருக்கு எத்தனை டன் கிடைக்கும், சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமல் அந்த எண்ணைச் சரிபார்க்க முடியாது. நான் பயிற்சியில் சேர்ந்த முதல் மாதமே அலுவலகப் பங்குதாரர் என்னை வயலுக்கு அழைத்துப் போனார். பூட்ஸ் முழுக்கச் சேறு. அங்கே கற்றதை எந்தக் கண்ணாடிக் கட்டடத்திலும் எனக்கு யாரும் கற்பித்திருக்க முடியாது.

எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய டோங்காட் ஹியூலட் சர்க்கரை நிறுவனத்துக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். நில விற்பனை வருவாயைக் காலத்துக்கு முன்பே பதிந்ததும், செலவுகளைச் சொத்தாக ஏற்றியதும் 2019இல் வெளியே வந்தன. பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. 2022 அக்டோபரில் நிறுவனம் மீட்பு நடவடிக்கைக்குள் போயிற்று. வேலை இழந்தவர்கள் என் தெருவில் இருக்கிறார்கள். 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த 342 பேரிலும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இந்தக் கரும்புத் தோட்டங்களில்தான் வேலை. அதற்குச் சரியான மதிப்பு போடும் மேசையில் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்று நான் நினைப்பது வெறும் ஊர்ப்பற்று அல்ல.

லெனேசியா அக்கா

அண்ணா, அந்த எடுத்துக்காட்டு என் பக்கம்தான் பேசுகிறது. தவறுகளைத் தோண்டி எடுத்தது பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றின் தடயவியல் குழு. அந்த ஆற்றல் சிறிய அலுவலகத்தில் இல்லை.

டோங்காட் கரும்பு

அதற்கு முன் ஆண்டுதோறும் கணக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டதும் பெரிய நிறுவனம் ஒன்றுதான், அக்கா.

மிட்ராண்ட்வாசி

இருவரும் கோபிக்க வேண்டாம். நான் டர்பன் ஃபீனிக்ஸ் பையன். ஜோகனஸ்பர்கில் பெரிய நிறுவனம் ஒன்றில் ஆர்ட்டிக்கிள்ஸ் முடித்தேன், பெயர் வேண்டாம். மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி ஒரே வங்கியின் ஒரே பிரிவுக்குப் போனது. முதலாண்டு ரொக்கமும் வங்கி இருப்பும். இரண்டாம் ஆண்டு அதே கோப்பு, மேலே வேறு ஆண்டு எண். வரிக் கணக்கு ஒன்றைக்கூட முதலிலிருந்து கடைசி வரை நான் தயாரித்ததில்லை. சாய்கா (பட்டயக் கணக்காளர் சங்கம்) கேட்கும் திறன்களுக்குச் சான்று காட்ட வேண்டிய நாள் நெருங்கியபோது, வேறு குழுக்களிடம் போய் வேலை கேட்டு நின்றேன். பட்டயக் கணக்காளர் ஆவதற்கான கடைசித் தேர்வான ஏபிசியில் முதல் முறை தோற்றேன். அது ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் தேர்வு. அந்த ஓராண்டு எப்படிப் போனது என்று எழுத இன்னும் மனம் வரவில்லை.

டிசம்பரில் ஆண்டு முடிக்கும் வங்கி என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை இரவு பகல் தெரியாது. தைப்பூசம் அதற்குள்தான் வரும். சிறு வயது முதல் அப்பாவோடு காவடி எடுத்தவன் நான். மூன்று ஆண்டும் போக முடியவில்லை. மெல்ரோஸில் முருகன் கோயில் இருக்கிறது, சாண்ட்டனிலிருந்து பக்கம்தான். ஆனால் கோயில் பக்கத்தில் இருந்து என்ன, விரதம் இருக்க உடம்பும் விடுப்பும் வேண்டுமே.

வாடகை பற்றி யாரும் சொல்லவில்லையே. கௌட்ரெயின் என்னும் விரைவு ரயில் சாண்ட்டன், ரோஸ்பேங்க், மிட்ராண்ட் வழியாகப் போகும், லெனேசியாவுக்குப் போகாது. நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் வாடகை கடிக்கும், தள்ளியிருந்தால் கார் வாங்க வேண்டும். கூடுதல் சம்பளம் அங்கேயே கரைந்துவிடும்.

மெரிபேங்க் பேத்தி

மறுபக்கத்தையும் கேளுங்கள். நான் டர்பனில் சிறிய அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். முதல் 14 மாதம் கடைக்காரர்களின் ரசீதுப் பைகளைப் பிரித்து வாட் கணக்கு எழுதினேன். "எல்லாவற்றையும் பார்ப்பாய்" என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். தணிக்கைக் கோப்பு ஒன்றைத் தொடவே இரண்டாம் ஆண்டு ஆயிற்று. ஒப்பந்தத்தை வேறு பயிற்சி அலுவலகத்துக்கு மாற்றலாம் என்கிறார்கள். ஆனால் இருக்கும் இடம் ஒப்ப வேண்டும், போகும் இடத்தில் காலியிடம் வேண்டும். நான் கேட்டபோது முதலாவதே நடக்கவில்லை.

டோங்காட் கரும்பு

தங்கை பட்டது எனக்கும் வலிக்கிறது. அப்படிப்பட்ட அலுவலகங்கள் இங்கே உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் அது அந்த அலுவலகத்தின் குறை, டர்பனின் குறை இல்லை. மிஸ்டர் பிரைஸ், ஸ்பார் என்னும் கடைத்தொடர்கள் இரண்டும் பங்குச் சந்தையில் பட்டியலிட்டவை, இரண்டின் தலைமையகமும் டர்பன் வட்டாரத்தில்தான். பிராஸ்பெக்டனில் டொயோட்டா கார் ஆலை இருக்கிறது. துறைமுகத்தை விட்டுவிட்டீர்களே! 2023 இறுதியில் கப்பல்கள் உள்ளே வர இடமில்லாமல் வெளிக்கடலில் வரிசை கட்டி நின்றன. ஆண்டு இறுதியில் ஓர் இறக்குமதியாளரின் சரக்கு அந்தக் கப்பல்களில் ஒன்றில் இருக்கிறது. கிடங்கில் எண்ணினால் அது இல்லை. அது யார் சொத்து? எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரைதான் விற்றவர் பொறுப்பு) என்றால், சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏறியபோதே வாங்கியவரின் பொறுப்பு. இருப்பிலும் சேர வேண்டும், கடனாகவும் சேர வேண்டும், அன்றைய டாலர் விலையில் ராண்டாக மாற்றவும் வேண்டும். முதலாண்டுப் பிள்ளை ஒருத்தி என் அலுவலகத்தில் கப்பல் சரக்குச் சீட்டுகளைப் படித்து, வாடிக்கையாளர் விட்டுவிட்ட ஒன்பது சரக்குப் பெட்டகங்களைக் கண்டுபிடித்தாள்.

லெனேசியா அக்கா

அண்ணா, உங்கள் அலுவலகம் நல்ல அலுவலகம் என்று தெரிகிறது. அந்தப் பிள்ளை எல்லா டர்பன் அலுவலகத்திலும் அப்படி வளர்வாளா என்பதே என் கேள்வி. பெரிய நிறுவனத்தில் பயிற்சிக்கு ஒரு முறை இருக்கிறது. மேலாளர் மோசமானவராக இருந்தாலும் அந்த முறை பிள்ளையை ஓரளவு தாங்கும். சிறிய இடத்தில் ஒரு மனிதரை நம்பியே மூன்று ஆண்டும் ஓட வேண்டும்.

மிட்ராண்ட் தம்பி, நீ சொன்னது நடக்கிறது. என் குழுவிலும் நடந்திருக்கிறது, தடுக்காததற்கு நானும் பொறுப்பு. தங்கச்சி, இரண்டு இடத்துக்கும் போன் செய். இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒருவரோடு மேலாளர் இல்லாமல் பேச அனுமதி கேள். இதுவரை எத்தனை வாடிக்கையாளர், எத்தனை வரிக் கணக்கு, ஏபிசிக்குப் படிக்க எத்தனை நாள் விடுப்பு என்று அவரிடம் விசாரி.

சாட்ஸ்வொர்த் மகள்

கேட்டுவிட்டேன். சாண்ட்டனில் மனிதவளப் பிரிவு மிக மரியாதையாகப் பேசியது. பயிற்சியில் இருக்கும் ஒருவரோடு பேச வைப்பதாகச் சொன்னார்கள், மூன்று நாளாகியும் அழைப்பு வரவில்லை. வங்கிப் பிரிவில் சேர்ந்தால் பெரும்பாலும் வங்கிதான், மாற்றம் "வணிகத் தேவையைப் பொறுத்தது" என்றார்கள். உம்லாங்காவில் அன்று மாலையே மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டார்கள். அவர் இதுவரை 11 வாடிக்கையாளர்களிடம் வேலை செய்திருக்கிறார், அதில் இரண்டு கரும்புப் பண்ணை, ஒரு துணி இறக்குமதியாளர். பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றுகூட இல்லை. தாய், துணை நிறுவனங்களைச் சேர்த்துத் தொகுத்த கணக்கை ஒரே முறைதான் பார்த்தாராம். குறையையும் அவரே சொன்னதால் மற்றதை நம்புகிறேன்.

இன்று காலை உம்லாங்கா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். அம்மாவுக்காக இல்லை என்று அம்மாவிடமே சொன்னேன். முழுக்க உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

லெனேசியா அக்கா

என் கருத்து மாறவில்லை, தங்கச்சி. நான்கு ஆண்டு கழித்துப் பெரிய குழுமம் ஒன்றில் வேலைக்குப் போகும்போது, தொகுத்த கணக்கு தெரியாத குறை உன்னைத் தேடி வரும். அதற்கு இப்போதே வழி செய். இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்கு முன் பங்குதாரரிடம் அதைக் கேட்டு எழுத்தில் வாங்கு. முதல் தகுதித் தேர்வான ஐடிசி ஜனவரியில். அதற்கு முன் நவம்பர் இருக்கிறது. பழைய கேள்வித்தாள்களில் குழுமக் கணக்கு எதிலாவது சிக்கினால் எனக்கு அனுப்பு, ஞாயிறுதோறும் பார்த்துத் தருகிறேன்.