ஒருவர் டைவர், இன்னொருவர் கரையில்: எந்தத் தீவு இருவருக்கும் ஒத்துவரும்?

கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் டைவிங் தெரியும் என்றால், டைவ் இடங்களின் பட்டியலை முதலில் திறக்காதீர்கள். காலை ஏழு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை மற்றவர் என்ன செய்வார் என்று முதலில் பாருங்கள். இரண்டு சிலிண்டர் பயணம் என்றால் படகேறுவது, 45-50 நிமிட டைவ் இரண்டு, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு, திரும்பி வந்து சாமான்களைக் கழுவுவது என்று ஐந்தாறு மணி நேரம் போய்விடும். நான்கு நாள் இப்படியே போனால் விடுமுறையில் பாதி தனிமைதான்.

“படகில் கூட வந்து உட்காரட்டும்” என்பதுதான் பலரும் செய்யும் தவறு. மாலத்தீவின் பேர்போன டைவ் இடங்களில் பல, ‘கந்து’ என்று அங்குள்ளவர்கள் சொல்லும் கடல்வாய்க்கால்கள். நீரோட்டம் இழுக்கும் திசையிலேயே டைவர்கள் போவார்கள். படகு நங்கூரம் போடாமல் குமிழிகளைப் பார்த்துப் பின்னாலேயே மெல்ல நகரும். ஓடும் படகைவிட இப்படி அலையில் உருண்டுகொண்டிருக்கும் படகில்தான் வாந்தி வரும். அந்த நீரோட்டத்தில், மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கெலும் செய்ய முடியாது.

ஆகவே கரையிலிருந்தே இறங்கக்கூடிய ரீஃப், அதாவது பவளப்பாறைத் திட்டு, உள்ள தீவாகத் தேடுங்கள். விடுதிக்கு எழுதிக் கேட்க வேண்டியவை: கரையிலிருந்து ரீஃப் விளிம்பு எத்தனை மீட்டர்? பவளத்தின் மேல் காலை வைக்காமல் போக வழி வெட்டியிருக்கிறார்களா? ஒரு சிலிண்டர் பயணம் உண்டா? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு சிலிண்டர் என்றால் ஒன்பது மணிக்குப் போனவர் பதினொன்றுக்குள் வந்துவிடுவார்.

விடுதி சொல்வதைச் செயற்கைக்கோள் படத்திலும் சரிபாருங்கள். வெளிர்நீலம் சட்டென்று கருநீலமாக மாறும் கோடு கரையை ஒட்டியே இருந்தால் நல்லது. 300 மீட்டர் தள்ளியிருந்தால், வற்றத்தில், அதாவது கடல் இறங்கும் நேரத்தில், முழங்கால் தண்ணீரில் பாறைமேல் நடந்து கால் கிழியும். விளிம்பு 30-40 மீட்டரில் இருந்தால் ஒருவர் பத்து மீட்டர் ஆழத்தில் போவார், இன்னொருவர் மேலே மிதப்பார், ஒரே ஆமையை இருவரும் பார்ப்பார்கள்.

*

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். டைவருக்கும் மற்றவருக்கும் துளி வித்தியாசம் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது: மாலத்தீவின் பா பவளத்தீவில் உள்ள ஹனிஃபாரு விரிகுடா. அங்கே சிலிண்டரோடு இறங்கத் தடை, எல்லோருக்கும் ஸ்நார்க்கெல் மட்டும்தான். மே முதல் நவம்பர் வரை, குறிப்பாக அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஓதம் மிதவை உயிரிகளை உள்ளே தள்ளும்போது கொம்புத் திருக்கைகள் (மான்டா) கூட்டமாக வாயைத் திறந்துகொண்டு சுற்றிச்சுற்றி வரும். ஒரு குழுவுக்கு 45 நிமிடம்தான். உரிமம் பெற்ற வழிகாட்டி கூட வர வேண்டும். தங்குவதற்கு தரவந்தூ தீவு தோது, விமான நிலையம் அங்கேயே இருக்கிறது. ஆனால் இது மழைக்காலம். நீலக்கடல் படம் எடுக்க வருபவருக்கு ஏமாற்றமாகலாம்.

திமிங்கலச் சுறா பார்க்க ஆசை என்றால் தெற்கு ஆரியில் திகுரா, வருடம் முழுக்க வாய்ப்புண்டு. படகு வெளி ரீஃப் ஓரமாகத் தேடிப் போகும், கண்டதும் ஆழ்கடலில் குதிக்கச் சொல்வார்கள். காலில் ஃபின் (துடுப்பு) போட்டு நீந்திப் பழகாதவர் இரண்டே நிமிடத்தில் பின்தங்கிவிடுவார். உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் விலகி நிற்பது விதி.

தரவந்தூ, திகுரா இரண்டும் மக்கள் வாழும் ஊர்த்தீவுகள். மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை.

*

அந்தமானில் ஸ்வராஜ் தீவை, அதாவது பழைய ஹேவ்லாக்கை, எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். சரிதான், ஆனால் விடுதி எந்தப் பக்கம் என்பதில்தான் தவறு நடக்கிறது. டைவ் கடைகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில். அங்கே வற்றத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும்தான் தெரியும். குளிக்க ஏற்ற ராதாநகர் மேற்கே இருக்கிறது. கிழக்கே தங்குங்கள், ஆனால் ஓத அட்டவணை பார்த்து ஏற்றம் எந்த நேரம் என்று குறித்துவையுங்கள். டைவ் படகு காலை ஆறரை ஏழுக்கே கிளம்பும், நண்பகலில் திரும்பும். மாலை ஐந்து, ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஊர் என்பதால் மதியம் வீணாகாமல் ராதாநகருக்குப் போய்விட வேண்டும். உவர்நீர் முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கவே கூடாது. மணல் ஈக் கடிக்கு மருந்து கையோடு இருக்கட்டும்.

*

நான் இலங்கை ஆள். மாலத்தீவு, அந்தமான் எல்லாம் சொன்னீர்கள், எங்கட திருகோணமலையை யாரும் சொல்லேல்லை. மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் அமைதி. வாடைக்காற்று தொடங்கினால் வர வேண்டாம். நிலாவெளியிலிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் புறாத்தீவு. அங்கே ஆழம் குறைந்த நீரிலேயே துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் திரியும், ஸ்நார்க்கெல் போதும். கரை முழுக்க உடைந்த பவளம், ரப்பர் சப்பாத்து கட்டாயம். காலை ஏழுக்கே போங்கள். பிறகு சனம் கூடிவிடும், சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் தண்ணீரும் கலங்கும்.

டைவர் சுவாமி மலைக்குக் கீழே இறங்கினால், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்கிய கற்களைக் கடலடியில் காணலாம். அதே நேரம் மற்றவர் மேலே கோயிலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கலாம். இப்படி ஒரு இடம் வேறெங்கும் எனக்குத் தெரியாது. கோயில் முடிய கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மாலையில் உப்புவெளிக் கரை.

*

பயணத் திட்டத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் கடைசி நாள். பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், இல்லையென்றால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும். ஆகவே கடைசி நாளை மற்றவரின் நாளாக முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: மணல்திட்டு, ஓங்கில் (டால்பின்) பார்ப்பது, எது அவருக்குப் பிடிக்குமோ அது. அறிமுக டைவ் செய்து பார்க்க அவருக்கே ஆசை இருந்தால் முதல் இரண்டு நாளில் வையுங்கள். சளி பிடித்திருந்தால் வேண்டாம். காதில் அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை கிழியலாம்.

மாலத்தீவில் தீவுகளுக்குப் போகும் கடல் விமானம் இருட்டில் பறக்காது. பிற்பகலில் தாமதமாக மாலேயில் இறங்கினால் ஒரு இரவு அங்கேதான், அதற்கும் அறை பிடித்து வையுங்கள். கடல் விமானத்தில் பொதுவாக 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான். டைவ் சாமானே 15 கிலோ வரும், அதனால் மிதவைச் சட்டையான பிசிடியை அங்கே வாடகைக்கு எடுத்து, டைவ் கம்ப்யூட்டர், மாஸ்க், மூச்சுவிட உதவும் ரெகுலேட்டர் மட்டும் கொண்டு போங்கள்.

மிச்சமாகும் எடையில் மற்றவருக்கு அளவான மாஸ்க் ஒன்று. கண்ணாடி போடுபவர் என்றால் பவர் லென்ஸ் வைத்தது. புது மாஸ்க்கின் கண்ணாடியை உள்பக்கம் பற்பசையால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினால்தான் தொழிற்சாலைப் படலம் போய்ப் பனி படியாமல் இருக்கும். முழுக்கைச் சட்டையும் எடுங்கள். மிதப்பவருக்கு முதலில் கருகுவது முதுகும் முழங்கால் பின்புறமும்.