திஞ்சான் (பர்மா புத்தாண்டுத் தண்ணித் திருவிழா) தண்ணி மேல பழியப் போட்டு ஏமாந்த கதை, உங்க பழைய வண்டி வயரிங் கதையும் சொல்லுங்க

தாமுவே, ரங்கூன்

எங்க அப்பாவோட வில்லீஸ் ஜீப்பு சண்டைக்காலத்து வண்டி, எத்தன கை மாறி எங்க வீட்டுக்கு வந்துச்சுன்னு அப்பாவுக்கே சரியாத் தெரியாது. 2011ல பழைய வண்டியக் குடுத்தா புது இம்போர்ட்டுக்கு பர்மிட்டு தர்றோம்னு கவர்மெண்ட் சொன்னப்ப எங்க தெருவுல பலபேரு குடுத்துட்டாங்க, அப்பா மட்டும் அசையல. ஒரிஜினல்ல அது 6 வோல்ட்டு வண்டி, எங்களுக்கு முந்தி வச்சிருந்த யாரோ பல்பு, காயில் எல்லாம் மாத்தி 12 ஆக்கிட்டாங்க. வயரு மட்டும் பாதி அந்தக்காலத்துத் துணி சுத்துன வயரு, மீதி அவனவன் கைக்குக் கெடச்ச கலரு. டேஷ்போர்டுக்குப் பின்னால செவப்பா உள்ள போற வயரு வெளிய வர்றப்ப மஞ்சளா வரும், நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேக்காதீங்க.

திஞ்சானுக்கு புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ரெண்டு நாள் ஊரச் சுத்துனோம். மேல கூரை கெடையாது, மேடைக்கு மேடை பைப்பு வச்சு அடிக்கிறான், தரையில கணுக்கால் தண்ணி. மூணாம் நாள் காலைல செல்ஃபு அடிச்சா இழுத்து இழுத்து சுத்துது, பிரேக்க மிதிச்சா பின்னாடி இண்டிகேட்டரு மங்கலா எரியுது. எல்லாரும் ஒரே பாட்டு, தண்ணி பூந்துருச்சு. ஒரு கடையில பேட்டரி மாத்துனாங்க, ரெண்டு நாள் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு. இன்னொரு கடையில செல்ஃபு மோட்டார எறக்கி வெயில்ல காயவச்சு பிரஷ்ஷு போட்டாங்க. மூணாவது ஆளு மொத்த வயரிங்கயும் உருவிரலாம்னாரு, அவர் சொன்ன தொகைய இங்க எழுதுனா அப்பா படிச்சிருவாரு.

அதுக்கு மறுநாள் சோக்கு நாப்ப (இஞ்சின் கெளப்புறப்ப இழுக்குறது, அதோட இரும்புக் கேபிளு இஞ்சினுக்குப் போகும்) இழுக்குறேன், சுள்ளுன்னு சுடுது! கேபிளு மேல இருந்த கருப்புத் தோலு உருகி என் கால் மேல சொட்டுச்சு. புகை வேற. பேட்டரி டெர்மினல கழட்டுறதுக்குள்ள உசுரே போயிருச்சு.

அன்னிக்குன்னு பார்த்து மாமா ஒருத்தரு அனோரட்டா ரோடு காளி கோயிலுக்கு வந்தவரு அப்படியே வீட்டுக்கு வந்தாரு, அந்தக்காலத்துல லாரி ஓட்டுனவரு. பானட்டக் கூட தொறக்கல, உருகிப்போன கேபிள விரல்ல தடவிப் பார்த்துட்டு "ஏண்டா தம்பி, இஞ்சின எப்ப எறக்குனீங்க"ன்னாரு. மாசி மாசம் கிளட்ச் பிளேட்டுக்கு எறக்குனோம் மாமான்னேன். "அப்ப எர்த்துப் பட்டை எங்க?"

டூல் பாக்ஸுல பழந்துணிக்குள்ள சுருட்டி இருந்துச்சு. மாட்ட மறந்து, அந்தத் துணியிலயே ரெண்டு மாசமா கை தொடச்சிருக்கேன்.

விஷயம் இதான். இஞ்சினு ரப்பரு மேல உக்காந்திருக்கு, பாடியோட நேரா ஒட்டாது, பேட்டரி மைனஸு மாட்டியிருக்குற பாடியையும் இஞ்சினையும் சேக்குறது அந்த எர்த்துப் பட்டைதான். செல்ஃபு அடிக்கிறப்ப நூறு ஆம்பியருக்கு மேல ஓடுது, அவ்வளவும் திரும்பி பேட்டரி மைனஸுக்கு வரணும். பட்டை இல்லைன்னா கெடச்ச வழியில வரும், எங்களுக்குக் கெடச்சது சோக்கு கேபிளு. மாமா மீட்டர எடுத்து ஒரு ஊசிய பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்ன இஞ்சின் பிளாக்குலயும் வச்சுட்டு என்ன செல்ஃபு அடிக்கச் சொன்னாரு, 4 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. பட்டைய மாட்டுனப்புறம் 0.2. அரை வோல்ட்டத் தாண்டுனா அங்கயே நின்னு பாரு, வேற எதையும் கழட்டாதன்னாரு.

இண்டிகேட்டரு கதை வேற, அது நெசமாவே தண்ணி வேலை. பின் லைட்டோட எர்த்து போல்ட்டுல களிம்பு ஏறிப்போய் கரண்டு திரும்பப் பாதையில்லாம பக்கத்து பல்பு வழியா வந்திருக்கு. உப்புத்தாள்ல தேச்சு வெள்ளையாக்கி கொஞ்சம் வாசலைன் தடவினோம், அவ்வளவுதான்.

மோல்மீன்

அண்ணே, எங்க தாத்தா வச்சிருந்த ஆஸ்டின்ல எர்த்து ப்ளஸ்ஸு, அதாவது பாடியில மாட்டுறது பேட்டரியோட ப்ளஸ். அந்தக்காலத்து இங்கிலீஷ் வண்டி நெறைய அப்படித்தான். சார்ஜுக்குப் போன பேட்டரிய கடைப் பையன் பழக்கத்துல மைனஸ பாடியில மாட்டிட்டான். கூத்து என்னன்னா செல்ஃபு எப்பவும் போல சரியான பக்கந்தான் சுத்தும், அந்த மோட்டாருக்கு ப்ளஸ் மைனஸ் மாறினாலும் கவலையில்ல, அதனால யாருக்கும் சந்தேகம் வராது. தாத்தா இஞ்சின ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி லைட்ட மட்டும் போட்டுப் பார்த்தாரு, அம்மீட்டர் முள்ளு சார்ஜு பக்கம் போகுது. நின்ன வண்டி எப்படிடா சார்ஜ் ஏத்தும்னு சிரிச்சுட்டு உடனே கழட்டச் சொன்னாரு. ஓடவிட்டிருந்தா டைனமோவும் கட்டவுட்டும் (டைனமோவ பேட்டரியோட சேத்துப் பிரிக்கிற சுவிட்சு) போயிருக்கும். ரேடியோ மட்டும் அதோட செத்துச்சு.

மண்டலே

நம்மளுது ஜீப்பு இல்ல, நீலக் கலரு மஸ்டா குட்டி டாக்ஸி. ஃபியூஸு போட்டா உடனே போகுது, ஒரு நாளைக்கு ஏழு ஃபியூஸு. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் சொல்லிக்குடுத்த வித்தை: ஃபியூஸு இருந்த எடத்துல 21 வாட்டு பிரேக்கு பல்ப ரெண்டு வயருல மாட்டிரணும். ஷார்ட்டு இருக்குற வரைக்கும் பல்பு பளிச்சுன்னு எரியும், ஃபியூஸும் போகாது வயரும் வேகாது. அப்புறம் வயருக் கட்ட ஓரத்துலேர்ந்து ஒவ்வொரு எடமா அசைச்சுக்கிட்டே வாங்க, எங்க தொட்டதும் பல்பு அணையுதோ அங்கதான் ஆளு. எனக்கு நம்பர் பிளேட்டு லைட்டுக்குப் போற ஓட்டையில ரப்பரு விழுந்து தகரம் வயர அறுத்திருந்துச்சு. பழைய சைக்கிள் டியூப வெட்டிச் சொருகுனேன், அதுதான் இன்னும் ஓடுது.

தாமுவே, ரங்கூன்

பல்பு வித்தைய இன்னிக்கே செஞ்சு பார்க்குறேன் அண்ணே. இன்னொன்னும் கேக்கணும், ஜீப்பு இடது பக்கம் ஒடிச்சுத் திரும்புனா ஹாரன் தானா அடிக்குது, நேத்து ஒரு பொங்கி (புத்த பிக்கு) முன்னாடி மானம் போச்சு.

மண்டலே

ஸ்டியரிங் தண்டுக்குள்ள போற ஹாரன் வயரு தோலு ஒரசித் தேஞ்சு இரும்புல தொடும். கையில பட்டனு வெறும் எர்த்துதான் குடுக்குது, தண்டு தொட்டாலும் அதே வேலைதான். வயர உருவிப் பாருங்க, பேட்டரியக் கழட்டிட்டு.