‘வழாநிலைச் சோதனை’: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

மென்பொருளில் புதிதாக ஒன்றைச் சேர்த்த பிறகோ ஒரு வழுவைத் திருத்திய பிறகோ, அதுவரை சரியாக இயங்கிய பகுதிகள் இன்னமும் சரியாகவே இயங்குகின்றனவா என்று பார்ப்பதற்கு ‘ரிக்ரெஷன் டெஸ்டிங்’ என்று பெயர். பினாங்கு பாயான் லெப்பாஸில் மென்பொருள் தரப் பொறியாளராகப் பணிபுரியும் எனக்கு நாளின் பெரும்பகுதி இந்த வேலையிலேயே கழிகிறது. இதைத் தமிழில் ‘பின்னடைவுச் சோதனை’ என்று எழுதுவோர் உள்ளனர். அச்சொல்லை விட்டு ‘வழாநிலைச் சோதனை’ என்று வழங்கலாம் என்பதே என் முன்மொழிவு.

தமிழ்ப்பள்ளியில் படித்து இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் மென்பொருள் சோதனையைத் தமிழில் சொல்லித் தருகிறேன். வெண்பலகையில் ‘பின்னடைவுச் சோதனை’ என்று எழுதியதும் ஒரு மாணவி, “டீச்சர், குறைநீக்கல் வகுப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு வைப்பார்களே, அந்தச் சோதனையா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. பின்னடைவு என்றால் நமக்குத் தோன்றுவது பின்தங்குதலும் தோல்வியும்தான். ஓரிடத்தைத் திருத்தப் போய் வேறோரிடம் கெட்டது என்ற பொருள் அச்சொல்லில் எங்கும் இல்லை.

அந்தப் பொருளை விளக்க எங்கள் அலுவலகத்தில் நடந்ததையே அவர்களுக்குச் சொன்னேன். 2024 மார்ச் 1ஆம் தேதி மலேசியாவில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. உணவு, பானம் போன்ற சில சேவைகளுக்கு மட்டும் பழைய 6 விழுக்காடே நீடித்தது. ஆகவே ஒரே ரசீதில் இரண்டு விகிதங்களையும் கணக்கிடும்படி எங்கள் மென்பொருளை மாற்றினோம். வரிக் கணக்கு ஒரு சென்கூடப் பிசகாமல் வந்தது. ஆனால் வங்கி அட்டையில் கட்டிய 23 ரிங்கிட் 42 சென், ரசீதில் 23 ரிங்கிட் 40 சென் என்று விழுந்தது. 2008 ஏப்ரல் முதல் இங்கே ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை மட்டுமே அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்குகிறோம். அட்டைக்கு அந்த முறை கிடையாது. வரிக் கணக்கை மாற்றியவர், முழுமையாக்கும் நிரல் பகுதியை இருவகைக் கட்டணத்துக்கும் பொதுவான இடத்துக்கு நகர்த்திவிட்டிருந்தார். யாரும் மாற்ற நினைக்காத ஒன்று, நின்ற நிலையிலிருந்து வழுவிவிட்டது.

‘வழுவிவிட்டது’ என்று சொல்லும்போதே சொல் கையில் கிடைத்துவிடுகிறது. மென்பொருள் குறைக்கு ‘வழு’ என்ற சொல் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. ஆங்கிலத்தில் இதற்குப் பூச்சி என்று பொருள்படும் ‘பக்’ என்று பெயர். மலாய்க்காரர்கள் மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் ‘பெபிஜாட்’ என்ற சொல்லையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள். நாமோ பூச்சியைத் தேடாமல் இலக்கணத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். அந்த இலக்கணத்தில் வழு தனித்து நிற்கவில்லை. பிழையின்றி அமைவது வழாநிலை, பிழைபடுவது வழு, பிழையானாலும் காரணம் கருதி ஏற்பது வழுவமைதி என்று மூன்றும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் இத்தனை காலம் அங்கேயே விட்டு வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஐயா ஒருவர் ‘மீள்சோதனை’ போதுமே என்றார். நிறுவனத்தில் நாங்கள் இருவர் மட்டும் சோதித்த நாளில் அது போதுமானதாகவே இருந்தது. “இன்னொரு தடவை பார்” என்றால் எதைப் பார்க்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். திருத்திய வழு திருந்திவிட்டதா என்று ஒருவர் பார்க்கிறார். திருத்தாத பகுதிகள் கெடாமல் இருக்கின்றனவா என்று வேறொருவர் பார்க்கிறார். இரண்டையும் மீள்சோதனை என்றே அழைத்தால், இரண்டாவது வேலையை யாரும் செய்யாமலே அது முடிந்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். முதலாவதற்கு மீள்சோதனை என்ற பெயர் இருக்கட்டும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. இலக்கணத்தில் வழாநிலை என்பது பிழையின்றி அமைவதை மட்டுமே குறிக்கிறது. முன்பு சரியாக இருந்தது என்ற காலக் குறிப்பு அதில் இல்லை. அப்படியானால் எல்லாச் சோதனையும் வழாநிலைச் சோதனைதானே என்று கேட்கலாம். இதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆயினும் வழுவுதல் என்ற வினைக்கு ஏற்கெனவே ஓரிடத்தில் நிற்கும் ஒன்று வேண்டும். நெறி வழுவினான் என்றால் அவன் அதுவரை நெறியில் நின்றான் என்றே கொள்கிறோம். இன்று பிறந்த வசதிக்கு வழுவுவதற்கு நிலை ஏது? கலைச்சொல்லாக ஆளும்போது ‘நிலை’ என்ற பகுதிக்கு அழுத்தம் தந்து, ‘முன்பு எய்திய நிலை வழுவாமை’ என்று வரையறுத்துக்கொண்டால் இந்தக் குறை நீங்கும். அப்படி வழுவியதை ‘நிலைவழு’ என்று பெயராகவும், ‘நிலை வழுவியது’ என்று வினையாகவும் சொல்லலாம். ‘பின்னடைந்தது’ என்ற வினையிலோ மறுபடியும் பின்தங்குதலே தோன்றுகிறது.

‘வழுவாத’ என்று பொருள்படும் ‘வழா’ பழைய வடிவம், இளையோர்க்குப் புரியாது என்ற கவலை வேண்டியதில்லை. ஓடாக் குதிரையையும் அழியாப் புகழையும் அறிந்த பிள்ளைகளுக்கு இது ஒரு நிமிட விளக்கம்.

வழுவமைதியைப் பற்றி எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. மகிழ்ச்சி மிகுதியால் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதைத் திணை வழுவமைதி என இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. அதுபோல, தெரிந்தே, காரணத்தோடு விட்டு வைக்கும் குறைகள் எங்களிடமும் உண்டு. பழைய அச்சுப்பொறியில் ரசீதின் கடைசி வரி விளிம்பில் ஒட்டி விழுவது அவற்றுள் ஒன்று. அதற்கு இச்சொல் நன்கு பொருந்துகிறது. ஆனால் ‘அமைதி’ என்றதும் இன்றைய வாசகர் ஓசையின்மையை நினைப்பார். மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் வரும் சனிக்கிழமைக்கு முன் தந்தால் நன்றாயிருக்கும். வெண்பலகையில் ‘வழாநிலைச் சோதனை’க்குப் பக்கத்தில் அதையும் எழுதிக் காட்டி, பிள்ளைகள் எதை வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்று பார்த்துத் தெரிவிக்கிறேன்.