லயோல் கத்தியில் இருப்பது நெப்போலியன் கொடுத்த தேனீயா?

பாரிஸ்வாசி:
பிரெஞ்சு மடக்குக்கத்திகளைப் பற்றி நேற்று கடல்நண்டு எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பிரான்சின் லயோல் ஊரில் பிறந்த லயோல் கத்தியின் முதுகில் இருக்கும் தேனீ, அந்த ஊர்க்காரர்களின் வீரத்தை மெச்சி நெப்போலியன் கொடுத்த முத்திரையாம். அது இல்லாத கத்தி போலியாம். நெப்போலியன் செத்தது 1821. பியர் ழான் கல்மெல்ஸ் அந்த ஊரில் முதல் கத்தியைச் செய்தது 1829. செத்து எட்டு வருடம் கழித்து எந்தக் கையால் கொடுத்தார்?

கடல்நண்டு:
கத்தியோடு பெட்டியில் வந்த சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது. என்னிடம் பதினான்கு லயோல் இருக்கிறது, உங்களிடம் எத்தனை? அப்புறம், மூன்றாம் நெப்போலியன் என்று ஒருவர் இருந்தார். அவர் கொடுத்திருக்கலாமே?

பாரிஸ்வாசி:
நேற்று வெறும் நெப்போலியன், இன்று மூன்றாம் நெப்போலியனா? அவர் ஆட்சி 1870-இல் முடிந்தது. கத்தியில் தேனீ வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கத்தி செய்பவர்கள் பிடியின் முதுகில் ஓடும் வில்லின், அதாவது ஸ்பிரிங்கின், நுனியில் இருக்கும் அந்தத் தட்டையான இடத்தை 'மூஷ்' என்பார்கள். மூஷ் என்றால் ஈ. தேனீகூட இல்லை, ஈ! பழைய கத்திகளில் அங்கே வெறும் தட்டைதான், இல்லையென்றால் ஒரு பூ. 1821, 1829. கழித்துப் பாருங்கள்.

மேய்ச்சல்மணி:
ஈயோ தேனீயோ, இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அது லயோல் ஊர் இருக்கும் ஒப்ராக் மலையில் மாடு மேய்த்தவர்களின் கத்தி. 1840 வாக்கில் அதில் குத்தூசி சேர்ந்தது, பச்சைப் புல்லை அளவுக்கு மீறி மேய்ந்து வயிறு உப்பிய மாட்டைக் குத்திக் காற்றை வெளியேற்ற. புட்டியின் தக்கையை எடுக்கும் திருகி வந்ததே 1880-இல்தான். ஊசி இல்லாத லயோலை நான் சேகரிப்பில் வைப்பதில்லை. பிடியில் சிலுவை வடிவில் ஆணிகள் அடித்திருப்பதைப் பாருங்கள். வெட்டவெளியில் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி அதைப் பார்த்து மேய்ப்பர்கள் கும்பிட்டார்கள் என்பார்கள்.

கடல்நண்டு:
மணி அண்ணன் சொல்லும் சிலுவைக் கதைக்கு யாரும் வருடம் கேட்கவில்லை. என் தேனீக்கு மட்டும் கணக்குப் பாடம்.

பாரிஸ்வாசி:
அவர் 'என்பார்கள்' என்று எழுதினார். நீங்கள் 'போலி' என்று தீர்ப்பு எழுதினீர்கள். அதுவும் யார்? போன வருடம் எனக்கு ஒரு கத்தியை 'வில்லோடு சேர்த்து அடித்த தேனீ' என்று விற்றீர்களே, மறந்துவிட்டதா? எண்ணெய் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தேனீயின் காலடியைச் சுற்றி மயிரிழைக் கோடு, தனியாகச் செய்து பற்றவைத்தது. நல்ல கத்தியில் வில்லும் தேனீயும் ஒரே இரும்பாக இருக்கும்.

கடல்நண்டு:
வாங்கும்போது கையில் பிடித்துப் பார்த்தவர் நீங்கள்தான். இங்கே வந்து அழ வேண்டாம். வேண்டுமானால் திருப்பி அனுப்புங்கள், தபால் செலவு உங்களுடையது.

லண்டன்_சுதன்:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. லயோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இங்கே ரயிலில் போகலாமா? எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் வில்லுக்கத்தி இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்.

மேய்ச்சல்மணி:
சுதன், 12 செ.மீ. பிடி கொண்ட லயோலின் அலகு ஏறக்குறைய 10 செ.மீ. அங்கே காரணம் காட்டாமல் வைத்திருக்க அலகின் வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பூட்டும் இருக்கக் கூடாது. வளையம் போட்ட ஒப்பினெல், அது இன்னொரு பிரெஞ்சு மடக்குக்கத்தி, சின்னதாக இருந்தாலும் ஆகாது. 1955-இல் வந்த அந்த வளையம் அலகைப் பூட்டிவிடும். அப்புறம், தமிழில் பேனாக்கத்தி என்றே எழுதலாமே, எதற்கு வில்லுக்கத்தி?

லண்டன்_சுதன்:
நாங்கள் பேசுவது தமிழ் இல்லையா அண்ணை? லயோலின் முதுகில் இருப்பதே வில்தான். எந்தப் பேர் பொருந்துகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

மேய்ச்சல்மணி:
பேனாக்கத்திக்கும் வில் உண்டு தம்பி.

பாரிஸ்வாசி:
பேச்சை மாற்றாதீர்கள். கடல்நண்டு இன்னும் பதில் சொல்லவில்லை. 1829.

கடல்நண்டு:
சொல்லிவிட்டேன், மூன்றாம் நெப்போலியன். நாட்டையே ஆண்டவர் தேனீ கொடுத்ததைக் கத்திக்காரர் ஏட்டில் எழுதி வைத்திருக்க வேண்டுமா? லயோல் ஊருக்கே போய் கத்தி ஆலையின் கூரைமேல் 18 மீட்டருக்கு நிற்கும் கத்தி அலகைப் படம் எடுத்தவன் நான்.

பாரிஸ்வாசி:
அந்த ஆலை வந்தது 1987-இல். அந்தப் பெயரில் விற்கும் கத்திகளில் பெரும்பகுதி பிரான்சிலேயே வேறு ஊரான தியேர் நகரில் செய்தவை. தேனீ போட்டு, பேரும் பொறித்து ஆசியாவிலிருந்து வருவதும் உண்டு. உங்கள் கணக்குப்படி அதெல்லாம் அசல், 1829-இல் கல்மெல்ஸ் கையால் செய்த கத்தி போலி. நாளைக்கு அந்தப் பதினான்கு தேனீக்களின் காலடியையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.

கடல்நண்டு:
உங்கள் கத்தியைத் திருப்பி அனுப்புகிறீர்களா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.