வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கு நலவாரியப் பதிவு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் தெருவில், திருவான்மியூரில், நாலு வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவருக்காகக் கேட்கிறேன். வயது 57. தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நலவாரியம் 2007லேயே வந்துவிட்டது. இவருக்கோ அப்படி ஒன்று இருப்பதே போன மாதம்தான் தெரியும். 60 முடிவதற்குள் பதிந்தால்தான் பிறகு ஓய்வூதியம் கேட்க முடியும், அதனால்தான் இந்த அவசரம்.

இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறோம். ஆதாரில் இருப்பது பழைய நம்பர், ஓடிபி வருவதில்லை. நம்பரை மாற்றப் போனால் கைரேகை விழவில்லை. வருஷக்கணக்காக சபீனாவும் சோப்புத்தூளும் பட்டு விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் வெடித்துக் கிடக்கிறது. ரேஷன் கடையிலும் இதே பாடுதான். கருவிழி வைத்துப் பதியலாம் என்கிறார்கள்; அடையாறு பக்கம் எந்த மையத்தில் செய்கிறார்கள்?

அடுத்தது வேலைச் சான்று. பல வருஷமாக வேலை பார்க்கும் வீட்டிலேயே கையெழுத்துப் போட பயப்படுகிறார்கள், நாளைக்கு ஏதாவது கேஸ் வருமோ என்று. எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். சங்கம் மூலமாகவோ விஏஓ மூலமாகவோ சான்று வாங்கியவர்கள் இருந்தால் என்னென்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

அவருக்கு வாரத்தில் ஒருநாள்கூட லீவு கிடையாது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரைதான் ஓய்வு, அந்த நேரத்தில் போய்வர முடிகிற இடமாகச் சொன்னால் நானே கூட்டிப் போகிறேன்.